காருக்குள் மிதிவண்டி: கழற்றலும் மடக்கலும் வந்த வரலாறு

செடான் வகைக் காரில் கூரைக் கேரியர் இல்லாமலேயே ஒரு மிதிவண்டியை ஏற்றிச் செல்வது இன்று சில நிமிட வேலை. முன்சக்கரத்தையோ இரண்டு சக்கரங்களையுமோ கழற்றி, பின் இருக்கையிலோ டிக்கியிலோ வைத்துவிடலாம். மடக்கு மிதிவண்டியாக இருந்தால் மடித்து வைத்தால் போதும். ஆனால் இந்த எளிமை காரை மனத்தில் கொண்டு உருவானதன்று. இதற்கு உதவும் இரண்டு உத்திகள் மடங்கும் சட்டகமும் கருவியின்றிக் கழலும் சக்கரமும் ஆகும். இரயில் பயணிகள், படைவீரர்கள், பந்தய வீரர்கள் ஆகியோரின் தேவைகளிலிருந்தே இவை தோன்றின. மிதிவண்டியும் காரும் ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகுதான் இவை காருடன் சேர்ந்தன. அவற்றோடு ஒரு பொறுப்பும் வந்தது. கழலக்கூடிய ஒவ்வோர் இணைப்பையும் மீண்டும் சரியாகப் பூட்ட வேண்டியவர் ஓட்டுபவரே ஆனார்.

அளவுச் சிக்கல்

பெரியவர்கள் ஓட்டும் மிதிவண்டி ஏறத்தாழ 1.7 மீட்டர் நீளமும் 1 மீட்டர் உயரமும் உடையது. இன்றைய சாலை மிதிவண்டிகளில் டயருடன் சேர்ந்த சக்கரத்தின் விட்டம் 70 செ.மீ. அளவில் இருக்கும். செடான் காரின் பின் இருக்கைப் பகுதியின் அகலம் சுமார் 1.3 மீட்டர். ஆகவே முழு வண்டி குறுக்கே நுழையாது. முன்சக்கரத்தைக் கழற்றினால் அதன் முன்பாதி அளவுக்கு நீளம் குறைகிறது. இரண்டு சக்கரங்களையும் கழற்றினால் எஞ்சும் சட்டகமும் ஃபோர்க்கும் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். மிதிவண்டியில் பெரும் இடத்தைப் பிடிப்பவை சக்கரங்களே என்பது இதிலிருந்து தெளிவாகும். அவற்றைப் பிரித்துவிட்டால், எஞ்சுவது சாய்ந்து கிடக்கக்கூடிய தட்டையான ஒரு பொருள்.

செடான் காரின் அமைப்பும் இச்சிக்கலுக்குக் காரணம். எஞ்சின், பயணிகள், சுமை ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பெட்டி போன்ற பகுதிகள் கொண்டது செடான். தொடக்கக் காலக் கார்களில் சுமைக்கென உடலோடு சேர்ந்த அறை இருக்கவில்லை. பயணப் பெட்டியைக் காரின் பின்னால் வாரால் கட்டுவர். 1930களில் அப்பெட்டி காரின் உடலோடு இணைந்த அறையாக மாறியது. அமெரிக்க ஆங்கிலத்தில் இப்பகுதிக்குப் பெரிய பயணப் பெட்டியைக் குறிக்கும் சொல்லே இன்றும் வழங்குவது இதனால்தான். தமிழ்நாட்டில் வழங்கும் ‘டிக்கி’ என்னும் சொல், பழைய கார்களின் பின்புறம் திறந்து மூடும் வகையில் இருந்த கூடுதல் இருக்கையின் பிரித்தானியப் பெயரிலிருந்து வந்தது.

டிக்கியின் உட்பகுதி அகலமாக இருந்தாலும் அதன் வாய் குறுகியது. மேலே பின்கண்ணாடியும் இருபுறமும் சக்கர வளைவுகளும் இடத்தைக் குறைக்கின்றன. பின் இருக்கையின் சாய்வுப் பலகை மடங்காத கார்களில் டிக்கிக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையே வழியும் இல்லை. பெட்டிகளுக்கும் பைகளுக்கும் ஏற்ற இந்த அறையில், குழாய்களும் வட்டங்களும் சேர்ந்த மிதிவண்டி எளிதில் அடங்குவதில்லை.

இரயில் காலத்துப் பிரிக்கும் வண்டி

மிதிவண்டியைச் சுமந்து செல்லும் தேவை காருக்கு முந்தியது. 1870களில் இங்கிலாந்தில் பரவியிருந்தது பெரிய முன்சக்கரமும் சிறிய பின்சக்கரமும் கொண்ட உயர்ந்த வண்டி. அதன் முன்சக்கரம் ஒன்றரை மீட்டர் வரை விட்டம் உடையது. அதை வீட்டுக்குள் வைப்பதும் இரயிலில் ஏற்றுவதும் தொல்லையாக இருந்தன. 1878இல் வில்லியம் கிரவுட் என்பவர் முன்சக்கரத்தின் விளிம்பைத் துண்டுகளாகப் பிரித்துப் பையில் எடுத்துச் செல்லத்தக்க ஒரு வண்டியை வடிவமைத்தார். மடக்கு மிதிவண்டி வரலாற்றில் இது முன்னோடியாகக் கருதப்படுகிறது.

1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ‘ரோவர்’ வண்டி ஒத்த அளவை நெருங்கிய இரு சக்கரங்களும் செயின் இயக்கமும் கொண்டது. 1888இல் ஜான் பாய்ட் டன்லப்பின் காற்றடைத்த டயரும் வந்து சேர்ந்தது. இன்றைய மிதிவண்டியின் உருவம் அத்துடன் நிலைபெற்றது. மிதிவண்டியின் உயரம் குறைந்ததால் அதை இரயிலின் சரக்குப் பெட்டியில் நிறுத்தி, தனிக் கட்டணம் செலுத்திக் கொண்டு செல்லும் வழக்கம் பிரித்தானியாவில் பரவியது. நகரவாசிகள் இரயிலில் நாட்டுப்புறம் சென்று, அங்கிருந்து மிதிவண்டியில் சுற்றினர். பின்னாளில் காரில் மிதிவண்டியை ஏற்றிச் செல்வோரின் நோக்கமும் இதுவே.

போர்க்களத்தின் கீல்

சட்டகத்தின் நடுவே கீல் வைத்து வண்டியை இரண்டாக மடிக்கும் முறைக்குப் படைகளே பெரும் ஊக்கம் அளித்தன. குதிரைக்குத் தீனியும் ஓய்வும் வேண்டும், மிதிவண்டிக்கு வேண்டியதில்லை. ஆனால் பாதை முடியும் இடத்தில் மிதிவண்டி சுமையாகிவிடும். 1890களில் பிரெஞ்சுப் படையின் அதிகாரி ஆன்ரி ஜெரார், கிரெனோபிள் நகரத் தொழில்முனைவர் சார்ல் மொரேல் ஆகியோரின் முயற்சியால் மடக்கு மிதிவண்டி படைப் பயன்பாட்டுக்கு வந்தது. வேலி, ஓடை, செங்குத்துச் சரிவு ஆகியவற்றைக் கடக்கும்போது வீரர் அதை மடித்து முதுகில் மாட்டிக்கொள்வார். பிரெஞ்சுப் படையின் மிதிவண்டிப் பிரிவுகள் முதல் உலகப் போரிலும் இவ்வகை வண்டிகளைப் பயன்படுத்தின. இத்தாலியின் பெர்சாலியேரி காலாட்படைக்காகப் பியாங்கி நிறுவனம் மடக்கு மிதிவண்டிகளைச் செய்தது.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவின் பி.எஸ்.ஏ. நிறுவனம் வான்குடைப் படைக்காக மடக்கு மிதிவண்டி தயாரித்தது. சட்டகத்தின் மேலும் கீழும் கீல்கள் இருந்தன. கையால் திருகும் இறக்கை வடிவ நட்டுகள் அவற்றைப் பூட்டின. அகன்ற பெடல்களுக்குப் பதிலாக, உள்ளே தள்ளிவிடத்தக்க வெறும் தண்டுகள் இருந்தன. வான்குடையில் இறங்கும்போது சக்கரங்கள் சேதமடையாதபடி ஹேண்டில்பாரும் சீட்டும் முதலில் தரையைத் தொடுமாறு வண்டி கட்டப்பட்டது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய கனடா நாட்டு வீரர்கள் பலர் மிதிவண்டிகளைத் தூக்கியபடி கரையேறும் ஒளிப்படங்கள் புகழ்பெற்றவை.

தமிழ் வாசகர்களுக்கு பி.எஸ்.ஏ. என்பது பழகிய பெயர். சென்னையை அடுத்த அம்பத்தூரில், முருகப்பா குழுமமும் பிரித்தானியாவின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் 1949இல் சேர்ந்து தொடங்கிய தொழிலகத்தின் மிதிவண்டிகள் பின்னாளில் இந்தப் பெயரிலும் விற்பனையாயின.

பந்தயத்தின் தாழ்

கீல் படைவீரரிடமிருந்து வந்தது என்றால், கருவியின்றிக் கழலும் சக்கரம் பந்தய வீரரிடமிருந்து வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பந்தயங்களில் இன்றைய கியர் மாற்றி இல்லை. பின்சக்கரத்தின் இருபுறமும் வேறு வேறு அளவுள்ள பல்சக்கரங்கள் இருக்கும். மலையேற்றம் தொடங்கும் இடத்தில் வீரர் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவார். தூர் த பிரான்சு பந்தயத்தில் கியர் மாற்றி அனுமதிக்கப்பட்டதே 1937இல்தான். எனவே சக்கரத்தை விரைவாகக் கழற்றுவது வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதாக இருந்தது.

இத்தாலியரான துல்லியோ கம்பஞோலோ 1927 நவம்பரில் குரோச்சே தவுனே கணவாயில் பனியில் விறைத்த விரல்களால் நட்டைத் திருக முடியாமல் பந்தயத்தில் பின்தங்கினார் என்றும், அதிலிருந்தே குயிக் ரிலீஸ் என்னும் விரைவுத் தாழின் எண்ணம் பிறந்தது என்றும் ஒரு கதை நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. அதன் விவரங்கள் குறித்துப் பிற்கால ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பியுள்ளனர். எனினும், 1933இல் விச்சென்சா நகரில் அவர் தொடங்கிய நிறுவனமே இத்தாழைப் பந்தய உலகில் நிலைநாட்டியது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

இதன் இயக்கம் எளியது. சக்கரத்தின் அச்சு உள்ளீடற்ற குழாய். அதனுள்ளே மெல்லிய கம்பி ஒன்று செல்கிறது. கம்பியின் ஒரு முனையில் நட்டும், மறுமுனையில் மையம் விலகிய வட்டத்தோடு கூடிய நெம்புகோலும் உள்ளன. நெம்புகோலை மடக்கும்போது அவ்வட்டம் கம்பியை இழுத்து, ஃபோர்க்கின் முனைகளை இருபுறமும் இறுக்குகிறது. நெம்புகோலைத் திறந்தால் இறுக்கம் நீங்கிச் சக்கரம் விடுபடுகிறது. ஸ்பானர் தேவையில்லை.

ஒரே வீட்டில் இரண்டும்

கீலும் தாழும் இருந்தும் நெடுங்காலம் அவை பொதுமக்களின் மிதிவண்டிகளில் இடம்பெறவில்லை. ராலே, பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் போன்ற பிரித்தானிய நிறுவனங்கள் இந்தியா, இலங்கை, மலாயா, ஆப்பிரிக்கா என எங்கும் அனுப்பிய கனமான வண்டியை எடுத்துக்கொள்ளலாம். அதில் 28 அங்குலச் சக்கரங்கள், கம்பி பிரேக்குகள், மட்கார்டுகள், ஸ்டாண்டு, செயினை முழுதும் மூடிய உறை ஆகியவை இருந்தன. பின்சக்கரத்தைக் கழற்ற இவற்றில் பலவற்றைப் பிரிக்க வேண்டும். இதை வடிவமைப்புக் குறை என்று சொல்ல முடியாது. மழையிலும் சேற்றிலும் மூட்டை முடிச்சோடு ஆண்டுக்கணக்கில் உழைப்பதற்கே அந்த வண்டி செய்யப்பட்டது. மிதிவண்டி வைத்திருந்தவர் வேறு, கார் வைத்திருந்தவர் வேறு என்று இருந்த காலம் அது. ஒன்றை மற்றொன்றில் ஏற்றும் கேள்வியே எழவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேற்கு ஐரோப்பாவில் இந்நிலை மாறியது. நடுத்தரக் குடும்பங்கள் கார் வாங்கின. மிதிவண்டி விற்பனை சரிந்தது. வேலைக்குச் செல்லும் ஊர்தியாக இருந்த மிதிவண்டி, விடுமுறை நாளின் பொழுதுபோக்காக மாறத் தொடங்கியது. காரோடு போட்டியிட முடியாத மிதிவண்டித் தொழில், காருக்குள் இடம் தேடியது.

இம்மாற்றத்தில் அலெக்ஸ் மோல்ட்டனின் பங்கு குறிப்பிடத்தக்கது. 1959இல் வெளிவந்த மினி காரின் ரப்பர் சஸ்பென்ஷனை வடிவமைத்தவர் இவரே. 1956இல் சூயஸ் நெருக்கடியால் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது இவரது கவனம் மிதிவண்டியின் பக்கம் திரும்பியது. 1962இல் இவர் அறிமுகப்படுத்திய மிதிவண்டியில் 16 அங்குலச் சக்கரங்களும், அதிகக் காற்றழுத்தம் தாங்கும் டயர்களும், அதிர்வைத் தாங்க ரப்பர் சஸ்பென்ஷனும் இருந்தன. சட்டகத்தை இரண்டாகப் பிரித்துக் கார் டிக்கியில் வைக்கத்தக்க ‘ஸ்டோஅவே’ என்ற வகையும் வந்தது. சிறு காரின் சஸ்பென்ஷனைச் செய்தவரே அக்காலத்துக் காருக்குள் அடங்கும் மிதிவண்டியையும் செய்தார். ராலே நிறுவனம் 1965இல் போட்டியாகத் தன் சிறுசக்கர வண்டியை இறக்கி, 1967இல் மோல்ட்டனின் மிதிவண்டித் தொழிலையே வாங்கியது.

இத்தாலியிலும் இதே காலத்தில் இதே மாற்றம் நிகழ்ந்தது. வித்தோரியோ வெனெத்தோவில் இயங்கிய கார்னியெல்லி நிறுவனம் 1964இல் ரினால்தோ தொன்செல்லி வடிவமைத்த ‘கிராசியெல்லா’ மிதிவண்டியை வெளியிட்டது. மேற்குழாய் இல்லாத சட்டகம், நடுவில் கீல், சிறிய சக்கரங்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். படைவீரரின் முதுகுக்காகச் செய்யப்பட்ட கீல், விடுமுறைக்குக் கிளம்பும் குடும்பத்தின் டிக்கிக்குப் பயன்பட்டது.

மடிப்பின் முதிர்ச்சி

1970களில் அமெரிக்காவில் மிதிவண்டி விற்பனை திடீரென உயர்ந்து, 1973இல் ஏறத்தாழ 1.5 கோடியை எட்டியது. அதே ஆண்டு எழுந்த எண்ணெய் நெருக்கடி மடக்கு மிதிவண்டி மீதான ஆர்வத்தையும் தூண்டியது. லேசர் துறையில் பணியாற்றிய இயற்பியலாளர் டேவிட் ஹான் அக்காலத்தில் தொடங்கிய முயற்சி, 1982இல் டாகன் என்னும் நிறுவனமாக உருவெடுத்தது.

இங்கிலாந்தில் ஹாரி பிக்கர்ட்டன் அலுமினியத்தால் எடை குறைந்த மடக்கு மிதிவண்டி ஒன்றை 1970களின் தொடக்கத்தில் செய்தார். அதைக் கண்ட பொறியாளர் ஆண்ட்ரூ ரிட்சி, அதைவிடக் கச்சிதமாக மடங்கும் ஒன்றைச் செய்ய முனைந்தார். இலண்டனில் பிராம்ப்டன் ஆரட்டரி தேவாலயத்துக்கு எதிரே இருந்த தம் குடியிருப்பில் 1970களின் நடுப்பகுதியில் முதல் மாதிரிகளை உருவாக்கினார். ‘பிராம்ப்டன்’ என்ற பெயர் அவ்வாறு வந்தது. பல நிறுவனங்கள் அதை ஏற்க மறுத்தன. சிறிய அளவில் தொடங்கிய உற்பத்தி 1980களின் இறுதியில்தான் முழு வேகம் பெற்றது.

பிராம்ப்டனில் பின்சக்கரம் சட்டகத்தின் அடியில் சுழன்று அடங்குகிறது. முன்சக்கரம் பக்கவாட்டில் மடங்கி அதனருகே வருகிறது. செயின் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே மறைவதால் எண்ணெய்க் கறை ஆடையிலோ கார் இருக்கையிலோ படுவதில்லை. மடித்த வண்டி ஏறத்தாழ 65 செ.மீ. உயரமும் 59 செ.மீ. நீளமும் 27 செ.மீ. அகலமும் உடையது. செடானின் டிக்கியில் இது பெட்டியைப் போல நிற்கும்.

எளிமையின் விலை

குயிக் ரிலீஸ் தாழ் பந்தய வண்டிகளிலிருந்து பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோது புதிய ஆபத்து ஒன்று வெளிப்பட்டது. பந்தய வீரருக்கு அதன் பயன்பாடு தெரியும். புதிதாக வாங்கியவர்களில் பலர் நெம்புகோலை மடக்காமல், அதை ஒரு நட்டைப் போலச் சுற்றி இறுக்கிவிட்டு ஓட்டினர். அவ்வாறு ஓட்டும்போது முன்சக்கரம் கழன்றால் ஃபோர்க் தரையில் குத்தும். ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார்.

இத்தகைய விபத்துகளும் அவற்றைத் தொடர்ந்து அமெரிக்காவில் எழுந்த இழப்பீட்டு வழக்குகளும் ஃபோர்க்கின் முனைகளில் சிறிய தடுப்பு விளிம்புகளைக் கொண்டுவந்தன. நெம்புகோல் திறந்திருந்தாலும் சக்கரம் உடனே விழாமல் இவை தடுக்கும். வழக்குகளுக்கு அஞ்சிச் சேர்க்கப்பட்டவை என்பதால், மிதிவண்டி ஓட்டுவோர் இவற்றுக்கு வழக்கறிஞர்களின் பெயரையே கேலியாக வைத்தனர். நெம்புகோலைத் திறந்த பின்னும் நட்டைச் சில சுற்றுகள் தளர்த்த வேண்டியிருந்ததால் விரைவுத் தாழின் விரைவு ஓரளவு போயிற்று. சிலர் எரிச்சலுற்று இவ்விளிம்புகளை அராவி அகற்றினர். அதனுடன் பாதுகாப்பும் போயிற்று.

டிஸ்க் பிரேக் பரவியதும் சிக்கல் மேலும் கூர்மையானது. ஃபோர்க்கின் இடக்காலின் பின்புறம் பிரேக் பிடிக்கும்போது எழும் விசை, அச்சை அதன் பள்ளத்திலிருந்து வெளியே தள்ளும் திசையில் செயல்படக்கூடும் என்ற விவாதம் 2000களில் எழுந்தது. 2015இல் வேறொரு குறை வெளிப்பட்டது. சரியாக மூடப்படாமல் அதிகமாகத் திறக்கும் நெம்புகோல் முன்சக்கரத்தின் டிஸ்க்கில் சிக்கக்கூடும் என்பதால் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 10 லட்சம் மிதிவண்டிகள் திரும்பப் பெறப்பட்டன. அதற்கு முன் பதிவான விபத்துகளில் ஒன்றில் ஓட்டுநரின் கைகளும் கால்களும் செயலிழந்தன.

இவற்றின் விளைவாக, டிஸ்க் பிரேக் உள்ள மலை மிதிவண்டிகளிலும் சாலை மிதிவண்டிகளிலும் ஊடச்சு பரவியது. இதில் ஃபோர்க்கின் முனைகள் திறந்த பள்ளங்களாக இல்லாமல் மூடிய துளைகளாக உள்ளன. 12 அல்லது 15 மி.மீ. தடிமனுள்ள அச்சு அவற்றின் ஊடே சென்று மறுபுறம் மரையில் திருகப்படுகிறது. அச்சை முழுவதும் உருவி எடுத்தாலன்றிச் சக்கரம் கழலாது. பல வண்டிகளில் இதற்கு அறுகோணச் சாவி தேவை. கருவியே வேண்டாம் என்று தொடங்கிய பயணம், பாதுகாப்பின் பொருட்டு மீண்டும் ஒரு கருவியைக் கையில் எடுத்துள்ளது.

இன்றைய நடைமுறை

செடானில் மிதிவண்டியை ஏற்றும் இன்றைய முறையில் மேற்கண்ட வரலாறு முழுவதன் தடமும் உண்டு. கியர் உள்ள வண்டியில் முதலில் செயினைப் பின்புறத்தின் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றுவர். பின்சக்கரம் எளிதாக விடுபட இது உதவும். பிறகு முன்சக்கரத்தையும், தேவையெனில் பின்சக்கரத்தையும் கழற்றுவர். செயின் உள்ள வலப்புறம் மேலே இருக்குமாறு சட்டகத்தைப் பழைய போர்வை விரித்த இருக்கையில் கிடத்துவர். கியர் மாற்றி நசுங்காமலும் இருக்கையில் கறை படாமலும் இருக்க இதுவே வழி. எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிரேக் இருந்தால், சக்கரம் இல்லாத நிலையில் பிரேக்கைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் பிரேக் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். அவற்றினிடையே பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகுவது வழக்கம்.

காருக்குள் கட்டப்படாத மிதிவண்டி, திடீரென பிரேக் போடும்போது முன்னால் பாயக்கூடிய சுமை ஆகும். பின் இருக்கையில் வைத்தால் சீட் பெல்ட்டாலோ கயிற்றாலோ கட்டுவதும், அதனருகே குழந்தைகளை அமர்த்தாதிருப்பதும் அவசியம். நட்டு போட்ட அச்சுள்ள வண்டிக்கு ஸ்பானர் தேவை. கழற்றிய நட்டுகளையும் வாஷர்களையும் அந்தந்த அச்சிலேயே திருகி வைப்பதால் அவை தொலைவதில்லை.

இறக்கிய பிறகு செய்ய வேண்டிய சோதனையே மிக முக்கியமானது. சக்கரம் பள்ளத்தின் அடிவரை சென்று அமர்ந்திருக்க வேண்டும். குயிக் ரிலீஸ் நெம்புகோல், உள்ளங்கையில் தடம் பதியும் அளவுக்கு அழுத்தி மடக்கினால்தான் மூடும்படி இருக்க வேண்டும்; எளிதாக மடங்கினால் நட்டை மேலும் இறுக்க வேண்டும். பிறகு முன்புறத்தைத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் தட்டிப் பார்த்து, பிரேக்கையும் சோதிக்க வேண்டும். மடக்கு வண்டியில் ஒவ்வொரு கீலின் பூட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலையில் ஒருமுறை இறுக்கிய நட்டை அந்தக் காலத்து மிதிவண்டிக்காரர் ஆண்டுக்கணக்கில் தொடாமலே ஓட்டினார். காருக்குள் அடங்கும் மிதிவண்டியை ஓட்டுபவரோ ஒவ்வொரு பயணத்திலும் அந்த வேலையின் ஒரு பகுதியைத் தாமே செய்கிறார். சக்கரத்தைக் கழற்ற ஆகும் அரை நிமிடத்தோடு, அதைச் சரிபார்க்கும் இன்னோர் அரை நிமிடத்தையும் சேர்த்தால்தான் அந்த வேலை முடிகிறது.